புற்றுநோய் வைத்தியசாலையும் நம்மவர் கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு மகாசபைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

கல்வி நிதியைப்பற்றியும் விவாகச் செலவைக் குறைப்பதைப்பற்றியும் இம்மகாசபையில் பேசுமாறு நிர்வாகக் கமிட்டியார் நம்மைக் கேட்டனர். அவை ஆண்டுதோறும் பேசப்படுவன; இனியும் பேசுவோர் பலர் உளர். எவரும் பேச விரும்பாததும், ஆயினும் இங்கு அமர்ந்திருக்கும் குடும்பங்களுள் அநேகத்தை ஏதோ ஒரு வகையில் தொட்டுச் சென்றதுமாகிய ஒரு விஷயத்தைப்பற்றிச் சொல்ல நாம் அனுமதி வேண்டினோம். அக்கிராசனர் அன்புகூர்ந்து இசைந்தனர். அவ்விஷயம் புற்றுநோயும், அதற்கென அமைந்த வைத்தியசாலைகள் செய்யும் உதவிகளுமாம்.

நம்மவர் வீடுகளில் இவ்வியாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லுவதில்லை. 'வயிற்றில் ஒரு கட்டி' என்பர். 'அந்தப் பெரிய வியாதி' என்பர். நெருங்கிய உறவினர் கேட்டாலும் 'அல்சர்தான், வேறொன்றுமில்லை' என்று முடித்துவிடுவர். காரணம் யாவரும் அறிந்ததே. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள். தாய்க்கு இந்நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற அச்சம். பரம்பரையாக இறங்கும் புற்றுநோய் நூற்றுக்கு 5 அல்லது 10 பங்குதான் என்பது வைத்தியர் கூற்று. தட்டில் உண்பதாலும், துணியைத் தொடுவதாலும், அருகில் படுப்பதாலும் இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு வருவதில்லை. அங்ஙனமிருக்க, நோயாளிக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைத்துப் பேரக் குழந்தைகளை அருகில் விடாமல் தடுக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உள்ளன. உடம்பின் நோயைவிட இது அவர்களை அதிகம் வாட்டுகிறது.

இம்மறைப்பினால் விளையும் கேடு யாதெனில் காலதாமதமே. 2022-ம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய 14 இலட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டதாகவும், 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனால் இறந்ததாகவும் உலகக் கணக்கு ஒன்று மதிப்பிடுகிறது. மூன்று பேருக்கு நோய் காண்கையில் இருவர் இறக்கின்றனர் எனும் இவ்விகிதம் செல்வ நாடுகளில் இவ்வளவு கொடிதாக இல்லை. நம் நாட்டு வைத்தியருக்குத் திறமை குறைவன்று. நோயாளிகளுள் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே வருகின்றனர்.

இனி, இவ்வைத்தியசாலைகள் எங்ஙனம் தோன்றின என்பதைச் சிறிது சொல்லுவாம். பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி 1941-ல் திறக்கப்பட்டது. சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவியார் மெஹர்பாய் அம்மையார் 1931-ல் இரத்தப் புற்றுநோயால் இறந்ததே அதற்கு வித்தாயிற்று. நம் சென்னையிலும் ஒரு துக்கமே வித்தாயிற்று. புதுக்கோட்டையிற் பிறந்து, வைத்தியப் பட்டம் பெற்று, சென்னைச் சட்டசபையில் முதற் பெண் அங்கத்தினராய் அமர்ந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார், தம் தங்கையார் புற்றுநோயால் வருந்தி இறந்ததைக் கண்முன் கண்டவர். தாமே வைத்தியராயிருந்தும் ஒன்றும் செய்ய இயலாத அந்நிலை அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழா 1935-ல் நடந்தபோதே இந்நோய்க்கெனத் தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்று பேசினார். பேச்சு செயலாக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. சாகப் போகிறவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தோரிடமும் அக்காலத்தில் இருந்தது. அம்மையார் மாதர் சங்கத்தின் பெயரால் வீடு வீடாகவும் ஊர் ஊராகவும் நிதி திரட்டினார். 1952-ல் பண்டித ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதத்தில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு வைத்தியசாலை தொடங்கிற்று.

அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதற்குத் தம் வாழ்நாளையே கொடுத்தனர். சாந்தா அம்மையார் ஆஸ்பத்திரி வளவிலேயே குடியிருந்து 2021 ஜனவரியில் மறையும் வரை அதுவே வீடாக வாழ்ந்தார். 2005-ல் அவருக்கு மாக்ஸேஸே பரிசு கிடைத்தது. 1975-ல் இந்திய அரசாங்கத்தார் அந்நிலையத்தைப் பிராந்தியப் புற்றுநோய் நிலையமாக அங்கீகரித்தனர். இங்கே நம்மவர் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு சங்கம், அதுவும் பெண்கள் சங்கம், அரசாங்கத்தாரை எதிர்பாராமல் தொடங்கிய வேலை இது. சங்கங்கள் எதற்கு இருக்கின்றன என்று கேட்போருக்கு இதைவிட வேறு விடை நம்மிடம் இல்லை.

இத்தகைய நிலையத்துக்கும் சாதாரண ஆஸ்பத்திரிக்கும் உள்ள வேற்றுமை யாது? அமெரிக்காவில் 1971-ல் புற்றுநோய்க்கென ஒரு சட்டம் இயற்றி, சிகிச்சை, ஆராய்ச்சி, போதனை, நோய் வாராமல் தடுத்தல் இவையனைத்தும் ஒருங்கே நடைபெறும் நிலையங்களைப் பல இடங்களில் வளர்த்தனர். நோயாளி ஓரிடத்தில் ரண சிகிச்சைக்காரரையும், வேறோர் ஊரில் கிரணச் சிகிச்சைக்காரரையும், மூன்றாம் இடத்தில் மருந்து கொடுப்பவரையும் தேடி அலைய வேண்டாம். அம்மூவரும், திசுவைப் பூதக்கண்ணாடியில் நோக்கும் நிபுணரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து, 'இந்நோயாளிக்கு முதலில் எது, பின்னர் எது' என்று தீர்மானிக்கின்றனர். எதை முன்னே செய்வது என்பதிலேதான் உயிர் நிற்கிறது. முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின்னரே அறுக்க வேண்டியதை, அவசரப்பட்டு அரைகுறையாய் அறுத்துவிட்டுப் பின்னர் பெரிய நிலையத்துக்கு அனுப்பும் சிறு ஆஸ்பத்திரிகள் உண்டு. அப்படி வருபவர்களை முதல் நாளிலேயே இங்கு வந்தவர்களைப்போல் குணப்படுத்துதல் அரிது.

திசுச் சோதனையைப்பற்றி நம்மவரிடையே ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. 'ஊசி குத்தினால், கத்தி பட்டால் நோய் உடம்பெங்கும் பரவிவிடும்' என்பது அது. இதைக் கேட்டுச் சோதனைக்கு இணங்காமல் ஆறு மாதம் நாட்டு மருந்தும் மந்திரிப்புமாகக் கழித்த பின்னர், பரவிய நோயோடு வந்து படுப்பவர் எத்தனை பேர்! பரப்பியது அந்த ஆறு மாதம், பழி ஊசியின்மேல். எவ்வகைப் புற்று என்று அறியாமல் எவ்வகை மருந்தும் கொடுக்க இயலாது. பயாப்ஸி எனும் அச்சோதனையே சிகிச்சையின் வாயில்.

கிரணச் சிகிச்சையை 'கரண்டு வைப்பது' என்று நம் ஊரார் சொல்லுகின்றனர். உண்மையில் அதில் மின்சாரம் உடம்பிற் பாய்வதில்லை, சூடும் தெரிவதில்லை. நோயாளி சில நிமிஷம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவே. 1895-ல் ராண்ட்ஜென் கண்ட கிரணமும், 1898-ல் கியூரி தம்பதிகள் கண்ட ரேடியமும் வழிகாட்ட, கோபால்ட்டு யந்திரம் வந்து, இன்று லீனியர் ஆக்ஸிலரேட்டர் எனும் யந்திரம் கட்டியின் வடிவத்துக்கேற்பக் கிரணத்தைச் செலுத்துகிறது. வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து, ஆறு, சில சமயம் ஏழு வாரம் இது நடைபெறும். இதை நீங்கள் நன்றாக மனத்திற் கொள்ள வேண்டும். நாம் பின்னர் சொல்லப்போவது இதைப் பொறுத்தது. வாயிலும் தொண்டையிலும் நோயுடையவர்க்குக் கிரணம் வைக்குமுன் பல் வைத்தியர் பார்த்துப் பழுதுற்ற பற்களை எடுத்துவிடுவர். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமற் போகும். மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகும், விழுங்க முடியாது. அப்போதுதான் பலர் 'போதும்' என்று ஊருக்குத் திரும்பிவிடுகின்றனர். பாதியில் நிறுத்திய கிரணத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வது கணக்குத் தவறிய காரியம். இடைவெளியில் எஞ்சிய புற்று வளர்ந்துவிடும்.

மருந்துச் சிகிச்சையில் தலைமயிர் உதிர்வதையே நம் பெண்டிர் அஞ்சுகின்றனர். அது பெரும்பாலும் மீண்டும் வளரும். அஞ்ச வேண்டியது காய்ச்சலை. மருந்தினால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் கண்டால், நள்ளிரவாயினும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருப்பது உயிருக்கே அபாயம்.

இவ்வளவும் சிகிச்சை. சிகிச்சையைச் சுற்றியுள்ள உதவிகளே நாம் சிறப்பாகச் சொல்ல வந்தவை. இவை இருப்பதே நம்மவருக்குத் தெரியாது. குரல்வளையை எடுத்த ஒருவர் பேச்சிழந்தார் என்றே வீட்டார் எண்ணி விடுகின்றனர். பேச்சுப் பயிற்சியாளர் உணவுக் குழலின் வழியே காற்றைச் செலுத்திப் பேசவும், சிறு வால்வு பொருத்திப் பேசவும் கற்பிக்கின்றனர். கடையில் அமர்ந்து வியாபாரம் பேசும் அளவுக்குத் தேறியவர்கள் உண்டு. மார்பகம் எடுத்த பெண்களுக்குக் கை வீங்காதிருக்கவும் தோள் இறுகாதிருக்கவும் உடற்பயிற்சி ஆசிரியர் அடுத்த சில நாட்களிலேயே கையைத் தூக்கிப் பழக்குகின்றனர். 'கையை அசைக்காதே' என்று மாமியார் சொல்லும் அன்பு மொழி இங்கே தீமையாக முடியும்! வயிற்றில் மலத்துக்கு வழி செய்யப்பட்டவர்க்குப் பையை மாற்றவும் தோலைக் காக்கவும் கற்பிக்கத் தாதியர் இருக்கின்றனர். வாயால் உண்ண முடியாதவர்க்குக் குழாய் வழியே எதைக் கரைத்துக் கொடுப்பது என்று சொல்ல ஆகார நிபுணர் உளர். புகையிலையை விட முடியாதவர்க்கெனத் தனிப் பிரிவு உண்டு. அடையாற்றில் அத்தகைய பிரிவு 2002-ல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் உதவியோடு தொடங்கிற்று. வெற்றிலைப் பெட்டியில் புகையிலையை வைத்து விருந்தினருக்கு நீட்டும் வழக்கத்தை நம் இல்லங்களில் இன்னும் மரியாதை என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்வாராக.

குழந்தைகளின் பிரிவைத் தனியே சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்று ஒரு காலத்தில் மரண ஓலையாகவே இருந்தது. இன்று நல்ல நிலையங்களில் முழுச் சிகிச்சை பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆனால் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டுகள் நீடிக்கும். தந்தை தொழிலை விட்டு வர இயலாது. தாய் மற்றக் குழந்தைகளை விட்டு வர இயலாது. முதல் மூன்று மாதத்தில் குழந்தை ஓடி விளையாடத் தொடங்கியதும் 'குணமாயிற்று' என்று அழைத்துப்போய்விடுகின்றனர். நோய் திரும்பி வரும்போது மருந்து கேட்பதில்லை. இந்நிலையங்களிலுள்ள சமூக சேவகர்கள் வராத குழந்தையின் வீட்டுக்குக் கடிதம் எழுதியும் தொலைபேசியிற் பேசியும் திரும்ப அழைக்கின்றனர். ஊரில் பக்கத்து வீட்டில் இருக்கும் நம் சங்கத்தார் அவ்வேலையை இன்னும் எளிதாகச் செய்யலாமன்றோ?

நோவைப்பற்றி ஒரு வார்த்தை. புற்றுநோயின் கடைசிக் காலத்து நோவு தலைவிதி என்று பலர் எண்ணுகின்றனர். வாய்வழிக் கொடுக்கும் மார்பின் மருந்தைக் காலந்தவறாமல் கொடுத்தால் அந்நோவில் பெரும்பகுதி தணியும். 1985-ல் ஏற்பட்ட போதைப்பொருட் சட்டத்தின் கெடுபிடியால் அம்மருந்து அபூர்வமாயிற்று. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டபின் வழி சற்று அகன்றது. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபால் முதலியோர் தொடங்கிய நோவு தணிப்புச் சங்கம், வீட்டுக்கே சென்று நோயாளியைப் பார்க்கும் தொண்டர்களை ஊர்தோறும் உண்டாக்கிற்று. மார்பின் கொடுத்தால் பழக்கமாகிவிடும், சீக்கிரம் இறந்துவிடுவர் என்று வீட்டார் அஞ்சி மருந்தைக் குறைப்பது கொடுமை. தகுந்த அளவில் நோவுக்காகக் கொடுப்பது அவ்விரண்டையும் செய்வதில்லை.

நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா என்பதில் நம் குடும்பங்களுள் பெரிய தர்க்கம் நிகழ்வதுண்டு. மகன் வைத்தியரைத் தனியே அழைத்து 'அப்பாவிடம் சொல்லாதீர்கள்' என்பான். அப்பா தாதியைத் தனியே அழைத்து 'என் மகனிடம் சொல்லாதீர்கள், பயந்துவிடுவான்' என்பார். இருவருக்கும் நடுவே ஒரு பொய் நின்றுகொண்டு, கடன் பத்திரம், வீட்டுப் பத்திரம், மகள் கல்யாணம் இவற்றைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவிடாமல் செய்கிறது. மனோதத்துவ ஆலோசகர்கள் இக்காரியத்துக்கென்றே பெரிய நிலையங்களில் இருக்கின்றனர். எவ்வளவு சொல்லலாம் என்பதை நோயாளியே தீர்மானிக்கட்டும் என்பது அவர்கள் முறை. கேட்பவர்க்குச் சொல்லாதிருத்தல் நியாயமன்று என்பது நம் அபிப்பிராயம். மாறுபடுவோர் இச்சபையில் இருக்கலாம்.

தாய்மார்களைப்பற்றி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். மகனுக்கு நோய் என்றால் நிலத்தை விற்கிறோம். தாய்க்கு என்றால் 'வயதாகிவிட்டது, எதற்கு அலைக்கழிப்பது' என்கிறோம். நாற்பத்தைந்து வயது மனைவிக்கு இரத்தப்போக்கு என்றால் அவள் ஓராண்டு வரை எவரிடமும் சொல்லுவதேயில்லை. சொன்னாலும் 'மாதவிடாய் நிற்கும் காலம்' என்று நாமே வைத்தியம் கூறிவிடுகிறோம். கருப்பைவாய்ப் புற்று ஒன்றினாலேயே 2022-ல் இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 பெண்கள் இறந்தனர் என்பது மேற்படி கணக்கு. அது பல ஆண்டுகள் மெல்ல வளர்வது. முன்னரே கண்டு தடுக்கக்கூடியது. நம் திண்டுக்கல் ஜில்லாவிலேயே இது மெய்ப்பிக்கப்பட்டது. அங்குள்ள கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, கருப்பை வாயில் அஸெடிக் திராவகத்தைத் தடவி வெண்மை தோன்றுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைப் பயிற்சி பெற்ற தாதியரைக் கொண்டு செய்தனர். சோதனை செய்யப்பட்ட கிராமங்களில், செய்யப்படாதவற்றை நோக்க, இறப்பு நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததென்று 2007-ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. சில நிமிஷ வேலை! காரணமாகிய கிருமியைத் தடுக்கும் ஊசியும் இன்று உண்டு. 9 முதல் 14 வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்குப் போடுவது சிறந்தது என்பர்.

பணத்தைப்பற்றிக் கேட்பீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை பெரும்பாலும் அடங்குகிறது. காஞ்சீபுரத்தில் அறிஞர் அண்ணா பெயரால் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி உள்ளது. அடையாற்றிலும் ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்துக்கோ சிகிச்சை செய்கின்றனர். சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கு ரயில்வேயார் படுக்கை வகுப்பில் கட்டணம் முழுவதையும், உடன் செல்லும் ஒருவருக்கு நூற்றுக்கு 75 பங்கையும் தள்ளிக்கொடுக்கின்றனர். அதற்கு ஆஸ்பத்திரியார் அச்சுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் கந்து வட்டிக்குக் கடன் வாங்கிச் செல்பவர் நம்மவருள்ளும் உளர்.

ஆனால் இவற்றுள் எதிலும் அடங்காத செலவு ஒன்று உண்டு. ஆறு வாரம் கிரணம் வைக்க வேண்டும் என்றோமல்லவா? அதற்கு நோயாளி படுக்கையில் இருக்க வேண்டியதில்லை. தினமும் வந்துபோனால் போதும். எங்கிருந்து வருவது? திருநெல்வேலியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ தினமும் வர இயலுமா? சென்னையில் வாடகைக்கு அறை கேட்டால், புற்றுநோய் என்று அறிந்ததும் 'இல்லை' என்கின்றனர். கொடுப்பவர் கேட்கும் வாடகையோ மருந்துச் செலவை மிஞ்சுகிறது. தரும சத்திரங்கள் சில உண்டு, இடம் போதவில்லை. சிகிச்சை இலவசமாயிருந்தும் தங்க இடமின்றி இரண்டாம் வாரத்தில் ஊர் திரும்புவோர் இதனாலேயே மடிகின்றனர்.

நமது மகமை நிதியில் இவ்வாண்டு சேர்ந்துள்ள தொகையைக் கல்யாண மண்டபத்தின் முகப்பைப் புதுப்பிக்கவும் குளிர்சாதனம் வைக்கவும் செலவிடலாம் என்று ஒரு தீர்மானம் உங்கள் முன் இருக்கிறது. மண்டபம் வேண்டியதுதான். முகப்பு இன்னும் ஐந்தாண்டு பொறுக்கும் என்பது நம் கருத்து. அதற்குப் பதிலாக, சென்னையில் புற்றுநோய் நிலையத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில் ஒரு வீட்டை நீண்ட குத்தகைக்கு எடுத்து, நோயாளியும் துணைக்கு வரும் ஒருவருமாகத் தங்கப் பத்து அறைகளும் ஒரு பொது அடுக்களையும் அமைப்பது என்று திருத்தத் தீர்மானம் ஒன்றைப் பிரேரேபிக்கிறோம். வாய் வெந்தவருக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பு இன்றியமையாதது. ஓட்டல் சாப்பாட்டை அவர்கள் உண்ண இயலாது.

அவ்விடுதி நம்மவர்க்கு மட்டுமா, யாவர்க்குமா என்று நேற்றைய கமிட்டியில் வாதம் எழுந்தது. நம் பணம் நம்மவர்க்கே என்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அவ்வார்டுகளில் ஒரு நாள் நின்று பார்த்தவர் எவரும் அவ்வாதத்தைத் தொடர்ந்து பேசமாட்டார் என்று நினைக்கிறோம். நம் வீட்டுக் குழந்தைக்கு இரத்தம் குறைந்தபோது வரிசையில் நின்று கொடுத்த வாலிபர்களின் குலத்தை நாம் கேட்கவில்லை. அவர்களும் நம் குலத்தைக் கேட்கவில்லை. ஆதலின் நம்மவர்க்கு முதலிடமும், அறை காலியாயிருக்கையில் எவர்க்கும் இடமும் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம். இதற்கு மேலும் தாராளமாய்த் திருத்துவோர் திருத்தலாம், நாம் மறுக்கமாட்டோம்.

தீர்மானத்தின் இரண்டாம் பகுதிக்குப் பணம் தேவையில்லை. ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் ஆக இருவர், காப்பீட்டு அட்டை, ரயில் சலுகைத்தாள், ஆஸ்பத்திரி நடைமுறை இவற்றை நன்கறிந்து, புதிதாக நோய் கண்டவரோடு முதல் நாள் சென்னைக்குத் துணை செல்ல வேண்டும். சிகிச்சை முடிந்தவர்கள் அதற்கு முன்வந்தால் மிகவும் நலம். சென்ற வாரம் அப்படிப்பட்ட மூவர், இருவர் பெண்கள், தம் பெயரைப் பத்திரிகையில் வெளியிடலாம் என்று தாமே எழுதிக் கொடுத்திருக்கின்றனர். அக்கடிதங்கள் காரியதரிசியிடம் உள்ளன. தீர்மானத்தை ஓட்டுக்கு விடுமாறு அக்கிராசனரை வேண்டிக்கொள்ளுகிறோம்.